இஞ்சின் இறக்கிய பிறகு

இந்தக் காலத்தில் யாரும் எதையும் குனிந்து பார்ப்பதில்லை. போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள், நாலு பேருக்கு அனுப்புகிறார்கள், போய்விடுகிறார்கள். கேட்டால் எல்லாம் தெரிந்த மாதிரி தலையை ஆட்டுகிறார்கள். கோத்தகிரிக்குக் கீழே தொட்டிமட்டத்தில் எல்லப்பனின் பிக்கப் வண்டி, இஞ்சினும் கியர்பாக்ஸும் இல்லாமல் பத்தொன்பது நாள் பச்சைத்தேயிலை ஏற்றி ஓடியது. இதைக் கடைவீதியில் யாரிடம் கேட்டாலும் ஆமாம், ஓடியது என்பார்கள். எப்படி என்று கேட்டால் ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியாது, கேட்க வேண்டும் என்றும் தோன்றியதில்லை. ஏப்ரல் நான்காம் தேதி இஞ்சின் இறங்கியது. ஏழாம் தேதி வண்டி கிளம்பியது. பானெட்டைத் திறந்தால் கீழே தரை தெரிந்தது.

எல்லப்பனுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. இலங்கைத் தோட்டத்திலிருந்து எழுபதுகளில் திரும்பி வந்த குடும்பம். கப்பலிலிருந்து இறங்கியபோது அவர் அப்பாவின் தகரப்பெட்டி கைக்கு வந்தது. பெட்டி அதேதான், பூட்டும் அதேதான். திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது வேறு யாருடைய துணிமணிகளோ. அதைப் பார்த்தபோது எல்லப்பனுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து மூடிய எதையும் அவர் நம்பியதில்லை. மெக்கானிக் என்றால் நல்ல சாமானைக் கழற்றி வைத்துக்கொண்டு மட்டமானதை மாட்டி மூடிவிடுபவன் என்று முடிவு செய்திருந்தார். அதனால் 2006இல் பழைய வண்டியாக அந்தப் பிக்கப்பை வாங்கிய அன்றே, கைக்கு எட்டிய சாமான் ஒவ்வொன்றிலும் கூர் உளியால் மூன்று புள்ளி குத்திவைத்தார். அப்புறம் ஒவ்வொரு தடவை இஞ்சினோ கியர்பாக்ஸோ திறந்தபோதும் எட்டாததிலும் குத்தினார். மாற்றிய சாமான்களையும் விடமாட்டார். பழையதைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இரும்புக் கடைக்குப் போடுவார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. தொட்டிமட்டத்துத் தோட்டங்கள் பள்ளத்தில் இருக்கின்றன, பேக்டரி மேட்டில் இருக்கிறது. நிறை வண்டி ஏற வேண்டும், வெறும் வண்டி இறங்க வேண்டும். இறக்கம் வந்ததும் எல்லப்பன் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் தள்ளி, வண்டியைச் சும்மா விடுவார். டீசல் மிச்சம். இஞ்சின் அணைந்தால் பிரேக் கட்டையாகிவிடும், ஸ்டியரிங் கனக்கும், உயிருக்கு ஆபத்து என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் மட்டுமில்லை, மலையில் பாதிப் பேர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். ஆனால் பதினெட்டு வருஷம், ஒரு நாள் தவறாமல் செய்தது அவர்தான்.

பதினெட்டாவது வருஷத்தில் வண்டி தளர்ந்தது. நீலப் புகை கக்கியது. டீசலுக்குச் சமமாக ஆயில் குடித்தது. ஏற்றத்தில் இரண்டாவது கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தது. பழைய டியூபை வெட்டி கியர் கம்பியை சீட்டோடு இழுத்துக் கட்டி, அதை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினார். ஆனால் ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் ஊட்டிக்குக் கொண்டுபோய் எஃப்சி காட்ட வேண்டும். புகையோடு போனால் தகுதிச் சான்று கிடைக்காது. சான்று இல்லாவிட்டால் அந்த லைன் போய்விடும். லைன் என்றால் முப்பத்தேழு சிறு விவசாயிகளின் இலை. பறித்த அன்றே பேக்டரிக்குப் போகாவிட்டால் சாக்கிலேயே சூடேறிச் சிவந்துவிடும் இலை. எல்லப்பனுக்கும் அவர் மனைவி கருப்பம்மாவுக்கும் சோறு போட்டது அந்த லைன் ஒன்றுதான். புது வண்டி எடுத்திருந்த வினோத் அதற்காகக் காத்திருந்தான். காத்திருக்கிறான் என்பதை மறைக்கவும் இல்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம், "என்னங்க பெரியவரே, புகை இன்னிக்குக் கம்மியா இருக்குது, வண்டிக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போவான்.

மெக்கானிக் மருதாசலம் காரமடைப் பக்கத்து ஆள். கோத்தகிரி சாலையோரம் தகரக் கூரை போட்டு ஷெட் வைத்திருந்தான். வேலை தெரிந்தவன்தான், வாய் கொஞ்சம் நீளம். இஞ்சினையும் கியர்பாக்ஸையும் சங்கிலி போட்டு இறக்கியபோது, எல்லப்பன் ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை.

"ஏனுங்க, இப்புடி மொறச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தா எனக்கு வேல ஓடுமுங்களா?" என்றான் மருதாசலம்.

"ஓடலேன்னா மெதுவாச் செய்யி. எனக்கு ஒன்னும் அவசரமில்ல."

"உங்களுக்கு அவசரமில்லாம எனக்குங்களா? முப்பதாந்தேதி உங்களுக்குத்தானுங்களே."

கியர்பாக்ஸின் ஆயிலை வடித்தபோது பித்தளைத் தூள் மின்னியது. மூடியைத் திறந்து, இரண்டாவது கியரின் பித்தளை வளையத்தை எடுத்து, துணியில் துடைத்து, மருதாசலம் வெளிச்சத்தில் பிடித்தான். எல்லப்பன் குத்திய மூன்று புள்ளியிலிருந்தும் மயிரிழையாக விரிசல் ஓடி, வளையம் இரண்டாகப் பிளந்திருந்தது.

"பாத்துக்குங்க. திருடன் ஒருத்தனும் வரலீங்க. காவலுக்கு இருந்தவரே ஒடச்சுப்போட்டாரு."

"குத்தி வச்சதாலதான் அந்த வளையம் இன்னமும் அங்க இருந்திச்சு," என்றார் எல்லப்பன். புது வளையத்தில் உளியைக் கொண்டுவந்தால் தான் ஷெட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவதாக மருதாசலம் சொன்னான். அதன் பிறகு சிவப்புப் பெயிண்டால் புள்ளி வைப்பதென்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு நாளில் முடியும் என்றது முடியவில்லை. சிலிண்டர் தேய்ந்திருந்தது, உள்ளுறையாகப் புதுச் சட்டை இறக்க வேண்டும், மேல்மூடியான ஹெட்டை லேத் பட்டறையில் சமன்படுத்த வேண்டும். நான்காம் நாள் தொட்டிமட்டத்திலிருந்து போன் மேல் போன் வந்தது. முந்தின மூன்று நாள் இலையை வினோத் ஏற்றிவிட்டிருந்தான். இன்றைக்கும் அவனுக்கே சொல்லிவிடவா என்று கேட்டார்கள். எல்லப்பன் போனை வைத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். மணி மதியம் ஒன்று. கை சும்மா இருக்கவில்லை, சாவியைத் திருப்பியது. செல்ப் மோட்டார் இஞ்சினோடு கழன்று பெஞ்சில் கிடந்தது. வண்டி ஒரு தடவை உலுக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆகி நின்றது. மருதாசலம் கையில் ஸ்பானரோடு வந்து திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று இரண்டு முன் சக்கரங்களுக்கும் நடுவே மேய்ந்துகொண்டிருந்தது. கியர் கம்பி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. எல்லப்பன் அந்த ஓட்டைக்கு மேலே, கம்பியின் குமிழ் இருக்க வேண்டிய உயரத்தில் கையை வைத்து, முதல் கியருக்குத் தள்ளினார். வண்டி நகர்ந்தது.

"போறது போறீங்க, பானெட்டச் சாத்திட்டுப் போங்க," என்றான் மருதாசலம். "தூசி அடிக்கும்."

எல்லப்பன் சந்தோஷப்பட்டார் என்று யாராவது சொன்னால் அது பொய். போகிற வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். மருதாசலம் எங்கேயோ ரகசியமாக வேறு மோட்டாரை மாட்டி, நல்ல இஞ்சினை அமுக்கிக்கொள்ளப் பார்க்கிறான் என்று அவருக்கு அப்போது தோன்றியது. ஒன்றும் அகப்படவில்லை. தொட்டிமட்டத்தில் சாக்குகளோடு நின்றவர்கள் ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் கேட்டார்கள். வண்டி சத்தமில்லாமல் வருவதால் வளைவில் வருவது தெரியவில்லை, ஆரன் அடித்துக்கொண்டு வாருங்கள் என்று ஒரு அம்மாள் குறை சொன்னாள். வேறு ஒன்றும் இல்லை. சாக்குகளை ஏற்றினார்கள். ஆயிரத்து நூறு கிலோ இலையோடு வண்டி இரண்டாவது கியரில் மேடு ஏறியது. கியர் துள்ளவில்லை, புகை வரவில்லை.

சிக்கல் பேக்டரி எடைமேடையில் வந்தது. அங்கே எடை எழுதுகிற சசிகலா கெட்டிக்காரப் பெண். சிரித்துக்கொண்டே தப்பைப் பிடிப்பாள். "எல்லப்பண்ணா, தோட்டத்துச் சீட்டுல ஆயிரத்து நூறு. இங்க எண்ணூத்து இருபதுதான் நிக்குது. மீதிய எங்கீங்க எறக்குனீங்க?"

"மருதாசலம் ஷெட்டுல."

சசிகலாவின் பேனா நின்றது. பின்னால் வந்திருந்த விவசாயிகள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எலையையா?"

"இஞ்சின."

அவள் வெளியே வந்து, பானெட்டைத் தூக்கிப் பார்த்து, இலையை இறக்கச் சொல்லி, வெறும் வண்டியை மேடையில் ஏற்றினாள். கதவில் எழுதியிருந்த எடையைவிட இருநூற்று எண்பது கிலோ குறைந்தது. கதவிலிருந்த எண்ணை அடித்து, சாக்பீஸால் புது எண் எழுதினாள். அவ்வளவுதான் அவள் வேலை, அதைச் செய்தாள். ஆனால் விவசாயிகள் அதோடு விடவில்லை. ஒரு இஞ்சினின் எடை இப்படி வந்து போகுமென்றால் இத்தனை வருஷமும் அது சரியாகத்தான் இருந்ததா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பத்தொன்பது நாளும் ஆள் மாற்றி ஆள் வண்டியோடு ஏறி வந்து எடைமேடையில் நின்று பார்த்தார்கள். எல்லப்பனுக்கு அதில் வருத்தமில்லை. அவராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

ஷெட்டில் வேறு தொல்லை. மருதாசலம் நான்கு பிஸ்டன்களையும் கழுவி, வரிசை மாறாமல் பழைய பேப்பரில் நிறுத்தி வைத்திருந்தான். மதியம் மூன்று மணிக்குமேல் அவை கொதித்தன. எல்லப்பன் மேடு ஏறுகிற நேரம் அது. தொட்டால் விரல் பொத்துவிடும். பேப்பர் கருகியபிறகு ஓட்டுத் துண்டின்மேல் வைத்தான். டீ ஆறிப்போனால் இரண்டாவது பிஸ்டனின் தலைமேல் கிளாசை வைத்துச் சூடு பண்ணிக் குடிப்பதும் வழக்கமாயிற்று. மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறிய கியர்கள் மெதுவாகச் சுற்றின. எது சுற்றுகிறது என்பதைப் பார்த்து வண்டி எந்த கியரில் போகிறதென்று அவனால் சொல்ல முடிந்தது. அதனால் அந்த நேரத்தில் அவன் இஞ்சினைத் தொடுவதில்லை. வேலையெல்லாம் காலையில்தான். அதனால்தான் மூன்று வாரம் ஆனது.

இதைச் சொல்லாமல் அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு நாள் எல்லப்பன் வந்து இறங்கியதும், "ஏனுங்க, சுடுகாட்டு மேட்டுல எதுக்கு மூணாவது போட்டீங்க? அது ரெண்டுல ஏறோணுமுங்க," என்றான்.

எல்லப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. வண்டிக்குள் ஏதோ கருவியை ஒளித்து வைத்து வேவு பார்க்கிறான் என்று சீட்டுறையைக் கிழித்துத் தேடினார். கூரைத் துணியைக் கிழித்துத் தேடினார். அடுத்த நாள் வேண்டுமென்றே கியரை மாற்றி மாற்றிப் போட்டு, போட்டதையெல்லாம் கையில் எழுதிக்கொண்டு வந்தார். ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று, இரண்டு. ஷெட்டுச் சுவரில் மருதாசலம் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தான். ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று, இரண்டு. எல்லப்பன் இரண்டையும் மூன்று தடவை ஒத்துப் பார்த்தார்.

"எவனோ ரோட்டுல நின்னு உனக்குப் போன் போட்டிருக்கான்," என்றார்.

"ஆமாங்க. மலையில எல்லாருக்கும் வேற பொழப்பே இல்லீங்க பாருங்க."

இருபத்தாறாம் தேதி இஞ்சின் தயார். புதுச் சட்டை, புது ரிங், சமன்படுத்திய ஹெட், புது கிளட்ச் தட்டு, புதுப் பித்தளை வளையம், கியர்பாக்ஸுக்குப் புது ஆயில். பழையவற்றில் மூன்று குத்தும் புதியவற்றில் மூன்று சிவப்பும் இருப்பதை எல்லப்பன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகு இஞ்சின் ஏறியது. போல்ட்டுகள் இறுகின. மருதாசலம் கையைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். வண்டி கம்மென்று இருந்தது. டீசல் குழாயில் காற்று எடுத்தான், பேட்டரி மாற்றினான், எட்டுப் பேரை வைத்து இறக்கத்தில் தள்ளிப் பார்த்தான். சக்கரம் உருண்டது, இஞ்சின் அசையவில்லை. அவன் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக வேறு இஞ்சின் கட்டியதில்லை. அன்றும், மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் இலையை வினோத் ஏற்றினான். மூன்றாம் நாள், முப்பதாம் தேதிக்குப் பிறகு தானே பார்த்துக்கொள்வதாகத் தொட்டிமட்டத்தில் வீடு வீடாகச் சொல்லிவிட்டும் வந்தான்.

அன்று எல்லப்பன் ஷெட்டில் சத்தம் போட்டது பஸ் நிறுத்தம்வரை கேட்டது. எதை மாத்தினே சொல்லு என்றார். மருதாசலமும் விடவில்லை. உங்க புள்ளி, உங்க கண்ணு, நீங்களே எண்ணிப் பாத்தீங்க, எது கொறையுதுன்னு நீங்களே சொல்லுங்க என்றான். குறைகிறது என்று காட்ட ஒன்றும் இல்லாததுதான் எல்லப்பனுக்குத் தாங்கவில்லை. கருப்பம்மா கடைவீதியில் சாமான் வாங்கி, கூடையோடு அந்த வழியாக வந்தவள், கொஞ்ச நேரம் நின்று இரண்டு பேர் சொன்னதையும் கேட்டாள்.

"உள்ள வச்சா ஓடல. வெளிய இருந்தா ஓடிச்சு. கழட்டிப் போடுறத விட்டுட்டு இதுக்கு என்னா பஞ்சாயத்து?"

"நீ சும்மா இரு. இஞ்சின் இல்லாம வண்டி ஓட ஏலாது."

"மூணு வாரம் நீங்க எதுல போனீங்க, பல்லக்குலயா?"

மருதாசலம் அதைக் கேட்டு யோசித்தபடியே தரையில் உட்கார்ந்தான். "அம்மா சொல்றதுல ஞாயமிருக்குதுங்க. பதினெட்டு வருசம் பாதி வழி இஞ்சின அணச்சுப்போட்டுத்தானே ஓட்டுனீங்க? வண்டி அதுல பழகிருச்சு. மீதிப் பாதியையும் அதுவே கத்துக்கிட்டா, இனி இது எதுக்குன்னு கேக்குது." எல்லப்பன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. மறுக்கவும் நேரமில்லை. இருபத்தொன்பதாம் தேதி காலையில் இஞ்சினும் கியர்பாக்ஸும் மறுபடி இறங்கின. கடைசி போல்ட் கழன்றதும், யாரும் சாவியைத் தொடாமலே, வண்டி ஒரு தடவை உலுக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது.

முப்பதாம் தேதி இஞ்சினைப் பின்னால் படுதா போட்டு மூடி, கயிற்றால் கட்டி, ஊட்டிக்குக் கொண்டுபோனார்கள். பரிசோதனை மைதானத்தில் வரிசையில் இருபது வண்டி நின்றது. அதிகாரி இளவயது, வேகமான ஆள். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இஞ்சின் நம்பர் தேய்க்கணுமே, எங்க?" என்றார்.

"பின்னால இருக்குதுங்க சார்," என்றான் மருதாசலம்.

அவர் பின்னால் ஏறி, படுதாவை விலக்கி, எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண் ஒத்துப்போனது. சேஸிஸ் எண்ணும் ஒத்துப்போனது. "ஏன் வெளிய வெச்சிருக்கீங்க?"

"உள்ள வச்சா ஓடலைங்க," என்றார் எல்லப்பன். அதிகாரி கட்டாயம் விரட்டிவிடுவார், விரட்டட்டும், ஒருத்தனாவது ஒழுங்காகப் பார்க்கிறான் என்று இருக்கும் என அவர் எதிர்பார்த்ததாகத் தெரிகிறது. அதிகாரி வண்டியில் ஏறினார். கியர் கம்பி எங்கே என்று ஓட்டையைப் பார்த்தார். கையை அங்கே வைத்தால் தெரியும் என்றான் மருதாசலம். வைத்தார், தெரிந்தது. மைதானத்தை இரண்டு சுற்று வந்தார், பின்னால் எடுத்தார், மேட்டில் பிரேக் பிடித்து நிறுத்தினார். புகைக் கருவியின் குழாயைச் சைலன்சரில் நுழைத்தபோது பூஜ்யம் காட்டியது. கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு பூஜ்யம் என்று எழுதினார். பின்புறத்துச் சிவப்பு ஒட்டுத்தாள் கிழிந்திருப்பதற்கும் இடது வைப்பர் வேலை செய்யாததற்கும் கண்டிப்பாகப் பேசினார். இரண்டையும் சரிசெய்துகொண்டு வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இஞ்சின் எப்போதும் வண்டியோடுதான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று மாலையே வண்டி தொட்டிமட்டத்தில் நின்றது. சான்று இருக்கிறது என்றதும் முப்பத்தேழு பேரும் சாக்கைத் தூக்கினார்கள். ஒரு வாரம் கழித்து வினோத்தும் மருதாசலத்திடம் வந்து, தன் வண்டியிலும் இஞ்சினை இறக்க முடியுமா என்று தனியாகக் கேட்டான். பதினெட்டு வருஷம் கழித்து வா என்று மருதாசலம் அனுப்பிவிட்டான். அதற்கப்புறம் இரண்டு தடவை எஃப்சி ஆகிவிட்டது. இஞ்சின் பின்பெட்டியில் கேபினை ஒட்டி, நான்கு கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மருதாசலம் அதற்கு ஆயில் மாற்றுகிறான். வடிக்கும்போது ஆயில் கறுத்துத்தான் வருகிறது. வண்டிக்கு அடியில் படுக்காமல் நின்றுகொண்டே செய்யலாம், எல்லா வண்டியும் இப்படி இருந்தால் முதுகு தப்பிக்கும் என்கிறான். குளிர்நாட்களில் இலை ஏற்றுகிறவர்கள் அதன்மேல் கையைச் சூடாக்கிக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஆயில் மாற்றி முடித்து, மூடியை இறுக்கிவிட்டு மருதாசலம் கேட்டான். "ரெண்டு வருசமாச்சு. ஒரு நாள் நிக்கல, ஒரு சொட்டு ஒழுகல. இப்பவாச்சும் நம்பறீங்களா?"

"எத?"

"என்னைய வேண்டாங்க. வண்டிய."

எல்லப்பன் சாவியை எடுத்து மடியில் செருகினார். "ஓடுது, ஓட்டுறேன். நம்புறதுன்னா அது வேற." பெட்டியில் இஞ்சின் ஆறிக்கொண்டு, டிக் டிக்கென்று சின்னச் சத்தம் போட்டது. அவர் ஒரு கணம் நின்று கேட்டார். பிறகு தேயிலைக்கு நடுவே வீட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் ஏறத் தொடங்கினார். "எங்கயோ ஏமாத்துறானுங்க," என்று சொல்லிக்கொண்டே போனார், திரும்பிப் பார்க்கவில்லை.